பளபள காருக்கு செராமிக் கோட்டிங்... தேவையா பாஸ்?

வீட்ல புது கார் புக் பண்ணியாச்சா? கங்கிராட்ஸ்! கலர் முடிவாகி, லோன் ஓகே ஆகி, டெலிவரிக்கு நல்ல நாளும் பார்த்தாச்சு. எல்லாம் முடிஞ்சுதுன்னு அப்பா பேனாவை மூடப் போற நேரத்துல, கொட்டேஷன்ல கடைசி வரியா ஒண்ணு எட்டிப் பார்க்கும். ‘செராமிக் கோட்டிங் – 25 ஆயிரம் ரூபாய்!’

“சார், 9 ஹெச் ஹார்ட்னெஸ் சார்... கீறலே விழாது. அஞ்சு வருஷ வாரன்டி. தண்ணி ஊத்துனா போதும், அழுக்கு தானா ஓடிடும்”னு சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ் மூச்சு விடாம அடுக்குவார். அப்பா மெதுவா உங்க பக்கம் திரும்புவார். “என்னப்பா, போடலாமா?” வீட்ல காலேஜ் படிக்கிற ஆள் நீங்கதானே!

“போட்டுடலாம்பா, செமயா இருக்கும்”னு சொல்லலாம். “எல்லாம் ஏமாத்து வேலைப்பா”ன்னும் சொல்லலாம். ரெண்டுமே பாதி உண்மைதான். மீதிப் பாதி என்னன்னு தெரியாம வாயைத் திறந்தா, அப்பாவோட 25 ஆயிரத்துக்கு நீங்கதான் பொறுப்பு. பல வீடுகள்ல அது ஒரு செமஸ்டர் ஃபீஸ். ஸோ, கொஞ்சம் நிதானமா மேட்டருக்குள்ள போவோம்.

காருக்கும் தோல் உண்டு!

கார் பெயின்ட் என்றால் ஒரே ஒரு பூச்சு என்றுதானே நினைக்கிறோம்? கிடையாது. பெரும்பாலான கார்களில் அது நாலு அடுக்கு. அடியில் இரும்புத் தகடு. அதன் மேல் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு. மொத்த பாடியையும் பெரிய தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி ஏற்றுகிற பூச்சு இது. அடுத்தது பிரைமர். அதற்கு மேல்தான் நீங்க சண்டை போட்டு செலக்ட் பண்ணின கலர். கடைசியா, எல்லாத்துக்கும் மேல நிறமே இல்லாத கண்ணாடி மாதிரி ஒரு அடுக்கு. அதன் பெயர் ‘கிளியர் கோட்’. பளபளப்பு எல்லாம் இவரோட உபயம்தான்.

இத்தனையும் சேர்த்து எவ்வளவு தடிமன் தெரியுமா? சுமாராக 100 முதல் 150 மைக்ரான். ஒரு மில்லி மீட்டரை ஆயிரம் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் மைக்ரான். நம்ம தலைமுடி ஒன்று ஏறத்தாழ 70 மைக்ரான். ஆக, ரெண்டு முடியை ஒண்ணு மேல ஒண்ணு வச்சா எவ்வளவு உயரமோ, அவ்வளவுதான் மொத்த பெயின்ட்டும்! அதில் கிளியர் கோட்டின் பங்கு 40, 50 மைக்ரான்.

இந்த கிளியர் கோட் ஒருவகை பிளாஸ்டிக்தான். மண் ஒட்டின துணியால துடைச்சா கோடு விழும். காக்கா எச்சம் வெயிலில் காய்ந்தால் தழும்பு விழும். மதிய வெயிலில் ஒரு பழைய கறுப்பு காரின் பானெட்டைக் கொஞ்சம் சாய்ந்து பாருங்க. சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமா மெல்லிய கோடுகள் தெரியும். அது ஆக்ஸிடென்ட்டால வந்தது இல்லை. தினமும் ‘சுத்தம்’ பண்ணிப் பண்ணியே வந்தது. இந்தப் பாயின்ட்டை மனசுல வச்சுக்கங்க. கடைசி வரைக்கும் வேலைக்கு ஆகும்.

அந்தக் குட்டி பாட்டிலில் என்ன இருக்கு?

செராமிக் என்றதும் பீங்கான் கப், டைல்ஸ் எல்லாம் ஞாபகம் வரும். ஆனா, இது சூளையில் சுட்ட சமாசாரம் இல்லை. 30, 50 மில்லி பாட்டிலில் வர்ற ஒரு திரவம். சிலிக்கான் கலந்த பிசின்கள், சீக்கிரம் ஆவியாகிற ஒரு கரைப்பான். அவ்வளவுதான் விஷயம்.

சின்ன ஸ்பாஞ்சில் சொட்டு சொட்டாக விட்டு பெயின்ட் மேல் தேய்ப்பார்கள். கரைப்பான் பறந்துவிடும். மீதமிருப்பது காற்றில் உள்ள ஈரத்தோடு வினைபுரிந்து, சிலிக்கானும் ஆக்சிஜனும் கைகோத்த ஒரு வலையாக இறுகிவிடும். மணலிலும் கண்ணாடியிலும் இருக்கிற அதே சிலிக்கான் – ஆக்சிஜன் ஜோடிதான். கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட் மக்களுக்கு இது அல்வா சாப்பிடற மாதிரி!

வாக்ஸ் என்பது பெயின்ட் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். கார்களுக்கான வாக்ஸில் புகழ்பெற்றது கார்னோபா. பிரேசில் நாட்டுப் பனை வகை மரம் ஒன்றின் இலையிலிருந்து எடுக்கிறார்கள். நம்ம ஊர் வெயிலிலும் ஷாம்பூ குளியலிலும் சில வாரங்கள், மிஞ்சிப் போனால் ரெண்டு மூணு மாசம் தாங்கும். செராமிக் அப்படி இல்லை. கிளியர் கோட்டை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். ஷாம்பூவுக்கெல்லாம் அசையாது. ஒழுங்காகப் போட்டு, ஒழுங்காகப் பராமரித்தால் வருஷக்கணக்கில் நிற்கும். இது நிஜம். இதில் டவுட்டே வேண்டாம்.

ஆனா, தடிமன்? ஒன்று அல்லது ரெண்டு மைக்ரான்! கோட்டிங் போட்ட கையோடு ‘கார் மேல கண்ணாடி கவசம் போட்டாச்சு’ன்னு யாராவது சொன்னா, நம்ம முடியில் ஐம்பதில் ஒரு பங்கு கவசம் அதுன்னு நினைச்சுக்கங்க.

பழைய பாட்டு, புது மெட்டு

உங்க சித்தப்பாவோ, மாமாவோ 2000-களில் கார் வாங்கியிருந்தால் ஒருமுறை கேட்டுப் பாருங்க. “டெஃப்லான் கோட்டிங் போட்டோம்டா” என்பார்கள். அப்போ ஷோரூம்களில் அதுதான் சூப்பர் ஸ்டார்.

தோசைக்கல்லில் ஒட்டாத அதே டெஃப்லான். 1938-ல் அமெரிக்க விஞ்ஞானி ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டுபிடித்த பொருள். அது எதிலும் ஒட்டாது என்பதுதான் அதன் பெருமையே. அப்போ கார் பெயின்ட் மேல மட்டும் எப்படி ஒட்டும்? தோசைக்கல்லில் அதை ஒட்ட வைக்க 350 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்க வேண்டும். காரை அப்படிச் சூடாக்கினால் பெயின்ட் மிஞ்சாது. டெஃப்லான் பெயரில் காருக்குப் போட்டது பெரும்பாலும் ஒரு பாலிஷ்தான். கொஞ்ச நாள் மினுக்கிவிட்டுப் போய்விடும்.

அந்த டெஃப்லானோடு ஒப்பிட்டால் செராமிக் நிஜமாவே நல்ல சரக்கு. ஆனா, விற்கிற டயலாக் மட்டும் அப்படியே இருக்கு. அதுதான் பிரச்னை. இப்போ ‘கிராஃபீன்’னு அடுத்த ரிலீஸும் வந்தாச்சு. பெயர் மாறும்போதெல்லாம் விலை ஏறும். நாம பார்க்க வேண்டியது பெயரை இல்லை, வேலையை.

9 ஹெச் என்றால் என்ன?

ஃபர்ஸ்ட் இயர் இன்ஜினீயரிங் டிராயிங் வகுப்பு ஞாபகம் இருக்கா? ஹெச்.பி., 2 ஹெச்னு பென்சில் வாங்கி அலைஞ்சோமே, அதே ஹெச்தான் இது! நம்புங்க.

பெயின்ட் துறையில் ‘பென்சில் சோதனை’ என்று ஒன்று உண்டு. பென்சிலின் முனையைத் தட்டையாக்கி, 45 டிகிரி சாய்த்து, குறிப்பிட்ட எடையோடு பூச்சின் மேல் தள்ளுவார்கள். கோடு விழவில்லையா? அடுத்த கடினமான பென்சில். எந்தப் பென்சில் வரைக்கும் கோடு விழாமல் தாங்குகிறதோ, அதுதான் அந்தப் பூச்சின் மதிப்பெண். அந்த வரிசையில் கடைசியாக நிற்பவர் 9 ஹெச்.

‘9 ஹெச்’ என்றதும், ‘வைரம் 10, இது 9’ என்று நினைத்துவிடாதீங்க. வைரத்துக்குப் பத்து கொடுப்பது மோஸ் அளவுகோல். அது கனிமங்களுக்கு. ஜெர்மனிக்காரர் ஃபிரெடரிக் மோஸ் 1812-ல் உருவாக்கியது. அதில் மணல் துகளில் இருக்கும் குவார்ட்ஸின் மதிப்பு 7. பென்சில் என்பதோ கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்த கலவை. பென்சிலை ஜெயிச்சவன் மணலை ஜெயிப்பான்னு சொல்ல முடியாது. நம்ம ரோட்டில் காருக்கு எதிரி யாரு? பென்சிலா, மணலா? நீங்களே சொல்லுங்க.

இன்னொரு விஷயமும் இருக்கு. மெத்தை மேல அப்பளத்தை வச்சு விரலால அழுத்துங்க. என்ன ஆகும்? அப்பளம் கடினம்தான். ஆனா, அடியில் மெத்தை அமுங்கும்போது அப்பளம் நொறுங்கிடும். மென்மையான கிளியர் கோட் மேல் ஒரு மைக்ரான் கடினப் படலத்தின் நிலைமையும் கிட்டத்தட்ட அதுதான். சாவியால் இழுத்தால் கீறல் விழும். பக்கத்து பைக்கின் ஹேண்டில்பார் உரசினால் விழும். லாரி டயர் தெறிக்கிற கல் பட்டால் பெயின்ட்டே பெயரும். துணியால் துடைக்கும்போது விழுகிற மெல்லிய கோடுகளை ஓரளவு குறைக்கும். அவ்வளவுதான்.

கல்லடி தாங்க வேறொரு சமாசாரம் இருக்கு. பி.பி.எஃப். என்கிற ஒட்டும் பிலிம். 150 முதல் 200 மைக்ரான் தடிமனுள்ள பாலியூரித்தேன் தோல். அதாவது, முழு பெயின்ட்டை விடவே தடிமன். ஆனா, முழு காருக்கும் போட்டால் செராமிக்கைப் போலப் பல மடங்கு செலவு. ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

தாமரை இலைத் தண்ணீர்

செராமிக்கின் உண்மையான ஹீரோயிசம் தண்ணீர் பட்டால் தெரியும். முத்து முத்தாகத் திரண்டு உருண்டு ஓடும். பார்க்கவே அழகு!

இந்த வித்தையில் ஒரிஜினல் மாஸ்டர் நம்ம ஊர்க் குளத்துத் தாமரை இலை. அது எப்படி ஒட்டாமல் இருக்கிறது என்பதை, ஜெர்மன் தாவரவியல் விஞ்ஞானி வில்ஹெல்ம் பார்த்லாட் நுண்ணோக்கியில் ஆராய்ந்து, நைன்ஹுயிஸ் என்பவரோடு சேர்ந்து 1997-ல் கட்டுரையாக வெளியிட்டார். இலை மேல் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி மேடுகள், அதன் மேல் மெழுகு. துளி உட்கார இடமே இல்லை. துளிக்கும் இலைக்கும் நடுவே உள்ள கோணம் 150 டிகிரிக்கும் மேல். செராமிக் போட்ட காரில் இது 100, 110 டிகிரி அளவில்தான். தாமரை இலை அளவுக்கு இல்லை. ஆனா, சேறும் தூசியும் அழுத்தமா ஒட்டாம, சீக்கிரமா கழுவிட இது போதும். அரை மணி நேர வேலை கால் மணி நேரத்தில் முடியலாம். செராமிக்கின் நிஜமான லாபமே இதுதான்.

இங்கதான் ஒரு ட்விஸ்ட்! சென்னையிலும் இன்னும் பல ஊர்களிலும் கார் கழுவ என்ன தண்ணி? போர் தண்ணி. உப்புத் தண்ணி. அதில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் ஏகத்துக்கும் இருக்கும். கழுவிவிட்டு அப்படியே வெயிலில் விட்டால், தண்ணீர் ஆவியாகிப் போகும். உப்பு மட்டும் தங்கும். முத்து முத்தாக நின்ற ஒவ்வொரு துளியும் ஒரு வெள்ளை வட்டம் ஆகிவிடும். குளியலறைக் குழாயில் படிகிற அதே வெள்ளைக் கறை. கோட்டிங் போட்ட காரும் இதற்குத் தப்பாது. நாள்பட்டால் தேய்த்து எடுக்க வேண்டும். அப்படித் தேய்த்தால் கோட்டிங்கும் சேர்ந்து போகும். ஆக, கோட்டிங் போட்டவர்தான் கழுவின உடனே துடைப்பதில் இன்னும் உஷாரா இருக்கணும்.

காக்கா எச்சமும் இதே கதைதான். வேப்பமரத்தடி நிழலில் நிறுத்துகிறோம், அங்கேதான் காக்கா குடும்பமும் இருக்கும். எச்சத்தில் இருக்கிற அமிலம், வெயில் சூட்டில் கிளியர் கோட்டை அரிக்கும். செராமிக் இருந்தால் உங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் டைம் கிடைக்கும். ‘ரெண்டு நாள் கழிச்சுப் பார்த்துக்கலாம்’ என்ற அளவுக்கு இல்லை. ஈரத்துணி வைத்து ஊற விட்டு, தேய்க்காமல் எடுத்துவிட வேண்டும்.

காசு எங்கே போகுது?

குட்டி பாட்டிலுக்கா இவ்வளவு காசுன்னு கேட்கலாம். நியாயமான கடையில் பெரும்பகுதி காசு பாட்டிலுக்கு இல்லை, அதற்கு முன்னால் நடக்கிற உழைப்புக்கு.

முதலில் நன்றாகக் கழுவ வேண்டும். பிறகு ‘கிளே பார்’ என்கிற களிமண் மாதிரியான கட்டியால், பெயின்ட்டில் பதிந்த துகள்களை உருவி எடுக்க வேண்டும். அடுத்து மெஷின் பாலிஷ். கிளியர் கோட்டைத் துளித்துளியாகச் சீவி, வட்டக் கோடுகளை அழிக்கிற வேலை. அதற்குப் பிறகு எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, தூசி இல்லாத அறையில் கோட்டிங். அது இறுக ஒரு நாளாவது உள்ளேயே நிற்க வேண்டும். அடுத்த ஒரு வாரத்துக்கு ஷாம்பூ போட்டுக் கழுவக்கூடாது.

“புது காருக்கு எதுக்குங்க பாலிஷ்?”னு கேட்டா, அங்கேயும் ஒரு ரகசியம். ஃபேக்டரியிலிருந்து டிரெய்லரில் வந்து, யார்டில் வெயிலிலும் மழையிலும் நின்று, நாலு முறை அவசரமாகத் துடைக்கப்பட்ட பிறகுதான் புது கார் உங்க கைக்கு வருது. அதிலும் கோடுகள் இருக்கலாம். அதைச் சரி பண்ணாமல் மேலே கோட்டிங் போட்டால், மடங்கிப் போன மார்க் ஷீட்டை லேமினேஷன் பண்ணின மாதிரி. மடிப்பு உள்ளேயே நிலைச்சுடும்!

‘காலையில் பூஜை, மத்தியானம் டெலிவரி, நடுவுல ரெண்டு மணி நேரத்துல கோட்டிங் போட்டுத் தந்துடறோம்’ என்றால், அதில் எந்த வேலை விட்டுப்போகும்னு உங்களுக்கே இப்போ தெரியும்.

இப்போ கணக்கைப் பார்ப்போம். உதாரணத்துக்கு 24 ஆயிரம் ரூபாய் என்று வச்சுக்குவோம். நாலு வருஷம் உழைத்தால் மாசம் 500 ரூபாய். ரெண்டே வருஷத்தில் மங்கிவிட்டாலோ, காரையே விற்றுவிட்டாலோ மாசம் 1,000 ரூபாய். நடுவில் பம்பர் இடிபட்டு டிங்கரிங், பெயின்டிங் போனால், அந்தப் பகுதியில் கோட்டிங் காலி. மறுபடி போடத் தனிக் காசு. கார் லோனோடு சேர்த்து எழுதினால் இன்னும் விசேஷம். ஏழு வருஷ லோனில் போட்டால், கோட்டிங் போய்ச் சேர்ந்த பிறகும் அதற்கு வட்டி கட்டிக்கிட்டே இருப்பீங்க!

யாருக்கு ஓகே? யாருக்கு நோ?

போடலாம்:

* புது கார், அஞ்சாறு வருஷமாவது வச்சுக்கப் போறீங்க.

* வெயிலில், தெருவில் நிற்கிற கார். கடலோர ஊர். உப்புக் காற்றின் படிவைச் சீக்கிரம் கழுவிவிட வசதியாக இருக்கும். ஆனா, துருவைத் தடுக்கும்னு நம்பிடாதீங்க. துரு பிடிப்பது பெரும்பாலும் அடிப்பகுதியிலும் கதவு ஓரங்களிலும். கோட்டிங் அங்கே போவதே இல்லை.

* கறுப்பு, அடர் நீலம் மாதிரி கலர். கோடு பளிச்சுன்னு தெரிகிற கலர்கள் இவை.

* காரைக் கழுவப் போறது நீங்களோ, அப்பாவோதான். கையில் சுத்தமான துணி இருக்கு.

* காசு கையில் இருக்கு, கடன் வாங்க வேண்டியதில்லை.

வேண்டாம்:

* ரெண்டு, மூணு வருஷத்தில் விற்கிற ஐடியா. செகண்ட் ஹேண்ட் வாங்க வருகிறவர் இன்ஜின், டயர், கிலோ மீட்டர் எல்லாம் பார்ப்பார். ‘கோட்டிங் போட்டிருக்கேன்’ என்றால் தலையாட்டுவார். விலையை ஏற்ற மாட்டார்.

* டாக்ஸி, டிராவல்ஸ் வண்டி. அந்தக் காசு டயருக்கு உதவும்.

* பழைய கார், அங்கங்கே ரீபெயின்ட். முதலில் பெயின்ட்டின் தடிமனை மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்க. கிளியர் கோட் ஏற்கெனவே மெலிந்திருந்தால், பாலிஷே ஆபத்து.

* அபார்ட்மென்ட்டில் ஒரே பக்கெட், ஒரே துணியில் இருபது கார் துடைக்கப்படுது. உங்க காரும் அதில் ஒண்ணு. இந்த ஒரு காரணமே போதும். முதல் ரெண்டு மாசத்துலயே பாதி பளபளப்பு போயிடும். துடைக்கிற அண்ணன் மேல தப்பில்லை. அவருக்கு யாரும் நல்ல துணி வாங்கித் தரலை, அவ்வளவுதான். நாலு மைக்ரோஃபைபர் துணி வாங்கி, “அண்ணே, நம்ம வண்டிக்கு மட்டும் இதை வச்சுத் துடைங்கண்ணே”ன்னு கொடுத்துப் பாருங்க.

கையெழுத்துக்கு முன்னாடி ஆறு கேள்வி

போடுவதுன்னே முடிவு பண்ணிட்டீங்களா? கூச்சப்படாமல் இதைக் கேளுங்க. நல்ல கடைக்காரர் சந்தோஷமா பதில் சொல்வார்.

1. என்ன பிராண்ட், எத்தனை லேயர்? சீல் பிரிக்காத பாட்டிலை என் முன்னால் திறப்பீங்களா?

2. பாலிஷ் உண்டா? மொத்தம் எத்தனை மணி நேர வேலை? வண்டி எத்தனை நாள் உள்ளே நிற்கணும்?

3. வாரன்டி யார் தருகிறார்கள்? கடையா, கம்பெனியா? கடை மூடிட்டா?

4. வாரன்டி உயிரோடு இருக்க எத்தனை மாசத்துக்கு ஒருமுறை வரணும்? ஒவ்வொரு தடவையும் எவ்வளவு சார்ஜ்? பல வாரன்டி அட்டைகளில் இந்த ‘மெயின்டனன்ஸ்’ தனிக் காசு. ஒரு தடவை தவறினாலும் அட்டை செல்லாது.

5. கீறல், தண்ணீர்க் கறை, பறவை எச்சம் வாரன்டியில் வருமா? பெரும்பாலும் வராது. அதை அவர் வாயாலேயே கேட்டுடுங்க.

6. ஜிஎஸ்டி சேர்த்த விலையா? பில் உண்டா?

இன்னொண்ணு. கோட்டிங் என்பது காரோடு கட்டாயமாக வாங்க வேண்டியது கிடையாது. ‘பேக்கேஜ்ல இருக்கு சார், எடுக்க முடியாது’ என்றால், ‘எடுத்துட்டு பில் போடுங்க’ன்னு தாராளமா சொல்லலாம். வேணும்னா ஒரு வாரம் கழிச்சு, வெளியே நாலு கடை விசாரிச்சுப் போட்டுக்கலாம். ஒரு வாரத்துல பெயின்ட் ஒண்ணும் ஓடிடாது. டெமோவில் பாதி பானெட்டுக்குக் கோட்டிங் போட்டுத் தண்ணி தெளிச்சுக் காட்டுவாங்க. மயங்கிடாதீங்க. புதுசா வாக்ஸ் போட்ட பானெட்டிலும் தண்ணி அப்படியேதான் உருளும். எத்தனை மாசம் உருளும் என்பதுதான் கேள்வி.

ரெண்டு பக்கெட் ஃபார்முலா

கோட்டிங் போட்டாலும் சரி, போடாட்டியும் சரி, காரின் பளபளப்பைக் காப்பாற்றுவது கழுவுகிற விதம்தான். செலவும் அதிகமில்லை. கார் ஷாம்பூ, ரெண்டு பக்கெட், ஒரு வாஷ் மிட், நாலு மைக்ரோஃபைபர் துணி. சாதாரணமா ஆயிரத்து சொச்சத்துக்குள் முடிஞ்சிடும்.

வெயில் ஏறுமுன், பானெட் சூடு இல்லாதபோது ஆரம்பிங்க. முதலில் வெறும் தண்ணீரை அடித்து மண்ணை இறக்குங்க. துணி இன்னும் தொடக்கூடாது. ஒரு பக்கெட்டில் ஷாம்பூ தண்ணி, இன்னொன்றில் வெறும் தண்ணி. மிட்டை ஷாம்பூவில் முக்கி, மேலிருந்து கீழாகத் தேய்ங்க. ஒரு பகுதி முடிஞ்சதும் வெறும் தண்ணியில் அலசிட்டு, திரும்ப ஷாம்பூ. அழுக்கு எல்லாம் ரெண்டாவது பக்கெட்டிலேயே தங்கிடும். திரும்பக் காருக்கு வராது. கீழே விழுந்த துணியை எடுத்துத் துடைக்கவே கூடாது. பாத்திரம் தேய்க்கிற சோப்பும், துணி சோப்பும் வேண்டாம். முக்கியமா, ஈரம் காயும் முன் முழுசா துடைச்சிடுங்க. உப்புத் தண்ணி ஊர்க்காரங்களுக்கு இது டபுள் முக்கியம். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு குடம் நல்ல தண்ணி கிடைச்சா சூப்பர். வறண்ட தூசியைக் காய்ந்த துணியால் தட்டுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுடுங்க. சிலந்தி வலைக் கோடுகளின் பிறப்பிடமே அதுதான்.

கழுவி முடிச்சதும் மாசம் ஒருமுறை ஒரு ஸ்பிரே சீலன்ட். சில நூறு ரூபாய்க்கே கிடைக்குது. அடிச்சுத் துடைச்சா முடிஞ்சது. அதே முத்து முத்தான தண்ணி உங்க காரிலும் உருளும். சீக்கிரம் போயிடும், மறுபடி அடிக்கணும். பத்து நிமிஷ வேலைதானே!

பைக் பார்ட்டிகளுக்கு...

‘கார் இல்லை பாஸ், பைக்தான்’ என்கிறவங்களுக்கும் இந்த வலை விரிச்சிருக்காங்க. பைக்குக்கும் செராமிக் போடறாங்க. ஆனா, பைக்கில் பெயின்ட் பரப்பு எவ்வளவு? டேங்க், சைடு பேனல், மட்கார்டு. அவ்வளவுதான். டேங்க்கில் கோடு விழுவது உங்க பெல்ட் பக்கிளாலும் ஜீன்ஸ் ஜிப்பாலும். காலேஜ் பார்க்கிங்கில் பக்கத்து பைக்கின் லிவர் உரசுவது தனி. இதை எல்லாம் செராமிக் தடுக்காது. டேங்க் பேட் ஒன்று ஒட்டுங்க, மாசம் ஒரு ஸ்பிரே சீலன்ட் அடிங்க. மிச்சக் காசில் நல்ல ஹெல்மெட் வாங்குங்க. கோட்டிங் பெயின்ட்டைக் காப்பாற்றலாம். ஹெல்மெட் காப்பாற்றுவது உங்களை.

ஃபைனல் தீர்ப்பு

செராமிக் கோட்டிங் டுபாக்கூர் இல்லை. மந்திரக் கவசமும் இல்லை. நல்லாக் கழுவறவங்களுக்கு வேலையைச் சுலபமாக்குகிற ஒரு மெல்லிய படலம். கழுவத் தெரியாத வீட்டுக்கு அது விலை உயர்ந்த பாலிஷ். அதனால வரிசையை மாத்தாதீங்க. முதல்ல கழுவுகிற பழக்கம். ரெண்டாவது சீலன்ட். ஆறு மாசம் இதைச் செஞ்சு பார்த்து, ‘எனக்கு இது பிடிச்சிருக்கு, இன்னும் ஈஸியா இருந்தா நல்லா இருக்கும்’னு தோணினால், காசும் இருந்தால், அப்போ கோட்டிங் பக்கம் போங்க. பாலிஷ் பண்ணிட்டுத்தான் போடுவாங்க என்பதால், லேட் ஆனதால ஒண்ணும் கெட்டுப்போகாது.

வர்ற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. ரெண்டு பக்கெட்டோட வாசலுக்கு இறங்குங்க. “என்னடா இது, அதிசயமா இருக்கு!”ன்னு அம்மா கேட்பாங்க. அதைக் கண்டுக்காதீங்க, வேலையைப் பாருங்க!